பதில் யாருக்கு? செங்கல்பட்டில் நடந்த மருந்துச் சோதனைகளின் வரலாறு



பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் இடது தோளைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். பலருக்கு அங்கே ஒரு சிறு வட்டத் தழும்பு இருக்கும். பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமலிருக்கப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. அந்த ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று உலகம் இதுவரை கேட்ட கேள்விகளிலேயே மிகப் பெரிய கேள்வி கேட்கப்பட்ட இடம் நம்முடைய பழைய செங்கல்பட்டு மாவட்டம். பதில் சொன்னவை சுமார் 2,60,000 பேருடைய கைகள். எங்கோ வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிற மாணவர்கூட 'சிங்கிள்புட்' என்ற பெயரைப் பாடத்தில் படிக்கிறார். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நான் அதை முதன்முதலில் கேள்விப்பட்டது சமூகவியல் முதுகலை வகுப்பில், ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அடிக்குறிப்பில்.

நினைவுச் சொற்பொழிவில் பெயர் உள்ளவர்களை நினைவுகூர்வது வழக்கம். இன்று பெயர் எழுதப்படாத அந்தக் கைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தக் கடற்கரைச் சேரி ஒன்றில் இருக்கும் என் அத்தையை ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சர்க்கரை நோய்க்கு வழக்கமாக மாத்திரை வாங்கும் இடம். அன்று ஒரு இளைஞர் வந்து, "பல்கலைக்கழக ஆய்வு, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று பல பக்கத் தாள்களை நீட்டினார. தமிழில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தமிழ் எனக்கே புரியவில்லை. அத்தை தாளைப் பார்க்கவில்லை. என் காதருகே குனிந்து, "ஏன் கண்ணு, இதுல கையெழுத்துப் போடலன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத் தாளின் ஏதோ ஒரு பக்கத்தில் 'மாட்டார்கள்' என்று பதில் இருந்தது. அது அத்தைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பதில் ஏன் போய்ச் சேரவில்லை என்பதன் வரலாறுதான் இந்த உரை.

மருந்துச் சோதனை என்றால் என்ன?

முதலில் சொல்லைப் புரிந்துகொள்வோம். ஒரு மருந்து நோயைக் குணமாக்குகிறது என்று எப்படித் தெரியும்? மருந்து சாப்பிட்டவர் பிழைத்துவிட்டார் என்றால் போதாது. சாப்பிடாமலே பிழைத்திருக்கலாம். நல்ல சோறு, ஓய்வு, வயது ஆகியவை காப்பாற்றியிருக்கலாம். ஆகவே ஒரே மாதிரியான ஆட்களை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் புது மருந்து. இன்னொரு குழுவுக்கு ஏற்கெனவே உள்ள சிகிச்சை. அப்படி ஒன்று இல்லாதபோது மருந்தில்லாத வெற்று மாத்திரை அல்லது வெற்று ஊசி. யார் எந்தக் குழு என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவாகிறது. டாக்டரிடம் விட்டால் பிழைக்கக்கூடியவராகப் பார்த்துப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார், கணக்கு பொய்யாகும். பல சோதனைகளில் யாருக்கு எது போனது என்பது முடிவு வரும்வரை இருவருக்குமே தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கல் சாதி பார்ப்பதில்லை. பண்ணையாரின் மகனுக்கு வெற்று ஊசியும் பண்ணையாளின் மகனுக்கு உண்மை ஊசியும் விழலாம். ஆனால் சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. நம் சமூகத்தில் சாதி நுழையும் வாசல் அதுதான். யாரிடம் கேட்டார்கள், என்ன மொழியில் கேட்டார்கள், மறுக்கும் துணிவு கேட்கப்பட்டவருக்கு இருந்ததா என்று அந்த இடத்தில் பார்க்க வேண்டும்.

திருமணியும் திருவள்ளூரும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பக்கம் திருமணி இருக்கிறது. 1924-இல் அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு உருவானது. 1955-இல் அது மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமானது. டாப்சோன் என்ற மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திய உலகின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டில் பணியாற்றியவர். 1960-களில் தர்மேந்திரா தலைமையில் இந்த வட்டாரத்தில் ஒரு சோதனை நடந்தது. தொழுநோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு டாப்சோன், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. நோய் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்பது கேள்வி. ஊர் ஒதுக்கி வைத்த வீடுகளின் பிள்ளைகள்தான் அதற்குப் பதில் சொன்னார்கள்.

அடுத்தது பி.சி.ஜி. 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வுக்கூடம் தொடங்கி, நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம் பரவியது. 1955-இல் ராஜாஜி அதை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். அவருடைய வாதங்களில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆனால் அந்த ஊசி வேலை செய்கிறதா என்பதற்கு அன்று உலகத்திடம் ஒரே பதில் இல்லை என்பது உண்மை. பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே நடந்த சோதனை சுமார் 80 விழுக்காடு பாதுகாப்பு என்றது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த சோதனை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றது. அப்படியானால் இந்தியக் கிராமத்தில்?

அதைத் தெரிந்துகொள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரம். இன்று அது தனி மாவட்டம், 1997-இல் பிரிந்தது. 209 ஊராட்சிகள், ஒரு நகரம், சுமார் 3,60,000 மக்கள். 1968 ஜூலையில் தொடங்கி 1971 மார்ச் வரை வீடு வீடாகக் கணக்கெடுத்து, தோல் சோதனை செய்து, எக்ஸ்ரே எடுத்து, சளி பரிசோதித்து ஊசி போட்டார்கள். டென்மார்க் வகை, பிரெஞ்சு வகை என இரண்டு தடுப்பூசிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு. இன்னொரு பகுதியினருக்கு வெற்று ஊசி. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

1979-இல் முதல் அறிக்கை வெளியானது. ஏழரை ஆண்டு முடிவில், பெரியவர்களைத் தாக்கும் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. உலகமே அதிர்ந்தது. 1999-இல் வெளியான பதினைந்து ஆண்டுக் கணக்கும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றே சொன்னது; குழந்தைகளிடம் சிறிதளவு பயன் தெரிந்தது. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளோடு நம் உடம்பு முன்பே பழகிவிடுவதால் ஊசியின் விளைவு தெரியாமல் போகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று.

இதைக் கேட்டுவிட்டு யாரும் குழந்தைக்குப் பி.சி.ஜி. போடாமல் விடக்கூடாது. கைக்குழந்தையின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு பல ஆய்வுகளில் உறுதியான சான்று இருக்கிறது. செங்கல்பட்டு சொன்னது வேறு செய்தி: 'குழந்தையில் ஊசி போட்டாயிற்று, இனி டி.பி. வராது' என்று பெரியவர்கள் நம்பியிருக்கக் கூடாது. இரண்டு வாரம் இருமினால் சளி பரிசோதிக்க வேண்டும். உயிர் காக்கும் செய்தி இது. இதைத்தான் அந்த 209 ஊராட்சிகளின் சுவர்களில் எழுதியிருக்க வேண்டும்.

சோதனைகள் அதோடு நிற்கவில்லை. 1991-இல் இதே மாவட்டத்தில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் பெரிய சோதனை தொடங்கியது. 1,71,400 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். 2020 ஜூலையில் கோவாக்சின் ஊசியின் முதல் கட்டச் சோதனை நாட்டில் நடந்த இடங்களில் காட்டாங்கொளத்தூரின் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரியும் ஒன்று. கேளம்பாக்கத்திலிருந்து காட்டாங்கொளத்தூர் வரை இன்று மருத்துவப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே இது முடிந்துபோன கதை இல்லை. இன்றோ நாளையோ நம் வீட்டில் ஒருவரிடம் தாள் நீட்டப்படும்.

சம்மதம் யாருடையது?

1968-இல் ஊசி போடத் தொடங்கியபோது, மனிதர்களிடம் ஆய்வு செய்வது பற்றி இந்தியாவில் தேசிய அளவிலான நெறிமுறை அறிக்கை கிடையாது. ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் அறிக்கை 1980-இல்தான் வந்தது. அதற்காக அந்த ஆய்வாளர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. வெயிலில் சைக்கிளிலும் ஜீப்பிலும் அலைந்து, தங்களுக்கே ஏமாற்றம் தரும் முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள் அவர்கள். என் கேள்வி அமைப்பைப் பற்றியது. ஒரு கிராமத்துக்குள் அதிகாரி வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் முதலில் உட்காருவார்? நிலமும் பதவியும் உள்ளவர் 'ஊர் சம்மதம்' என்று சொன்ன பிறகு, அவர் வயலில் நாற்று நடுகிற பெண் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? ஊரின் சம்மதம் சேரியின் சம்மதம் ஆகாது. நம் வரலாறு முழுக்கச் சொல்வது இதைத்தான்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதுதான் நடந்தது. நாஜி மருத்துவர்களின் விசாரணைக்குப் பிறகு 1947-இல் நியூரம்பர்க்கில் வகுக்கப்பட்ட விதிகளில் முதல் விதியே, சம்பந்தப்பட்ட மனிதரின் சுய விருப்பமான சம்மதம் தேவை என்பது. அந்த விதி எழுதப்பட்ட பிறகும் அமெரிக்காவின் அலபாமாவில், டஸ்கிகீ என்ற ஊரில், கருப்பின ஏழை விவசாயிகளிடம் நடந்த ஆய்வு நிற்கவில்லை. மேகப்புண் நோய் உள்ள 399 பேரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், 1932 முதல் 1972 வரை நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1997-இல் அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கேட்டார்.

நம் நாட்டில் 2009-இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. பலர் விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு தந்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் பார்த்த 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள்; 1,948-இல் கைநாட்டு. அந்தத் தடுப்பூசி பயனுள்ளது. நம் பெண்பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்று கேட்பவன் நான். பெற்றோர் இருக்கும்போது காப்பாளர் எப்படிச் சம்மதம் கொடுத்தார் என்பதே என் கேள்வி.

சோறு பற்றிய இரண்டு பதில்கள்

இத்தனையும் சொன்ன பிறகு, 'அப்படியானால் சோதனையே வேண்டாம்' என்று ஒரு குரல் எழலாம். அது தவறான முடிவு. அதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அன்று காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முட்டை, பால், பூரண ஓய்வு. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து அமைத்த சானடோரியத்தின் பெயரை இன்றும் ரயில் நிலையம் சுமக்கிறது. ஆனால் படுக்கைகள் சில, நோயாளிகள் பல லட்சம். குடிசையில் வாழ்பவருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? வாலஸ் பாக்ஸ் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், ஒரு பகுதியினர் தங்கள் குடிசையில். இருவருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். 1959-இல் முடிவு வெளியானது. நெரிசலான குடிசையில், குறைந்த உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டு, வீட்டுச் சிகிச்சை வந்ததற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம். 'இவர்கள் வீடே நோய், இவர்களைப் பிரித்து வைக்க வேண்டும்' என்ற பழைய பேச்சைச் சென்னைக் குடிசைவாசிகள் தங்கள் உடம்பால் பொய்யாக்கினார்கள்.

ஆனால் அந்தப் பதிலுக்கு ஒரு நிழலும் உண்டு. 'மருந்து இருந்தால் போதும், உணவு முக்கியமில்லை' என்று அதைச் சுருக்கிவிடுவது அரசுகளுக்கு வசதியாக இருந்தது. அந்தச் சோதனை கேட்டது, நோயாளி மருந்தால் குணமாவாரா என்று மட்டுமே. பசித்த வீட்டில் அடுத்த ஆளுக்கு நோய் வருவதைச் சோறு தடுக்குமா என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அதைப் பதிலாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க அறுபது ஆண்டுகள் ஆயின. 2019-இல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், மங்களூரின் ஏனப்போயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும், 1956-இல் தொடங்கிய அதே மையத்தின் இன்றைய வடிவமான சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். பெரும்பகுதி ஆதிவாசிக் குடும்பங்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள். ஒரு குழுவில் மட்டும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. அரிசி பருப்பு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. செங்கல்பட்டில் அந்த ஊசி பெரியவர்களிடம் சாதிக்காததை அரிசியும் பருப்பும் சாதித்தன.

பசி நோயைக் கொண்டுவரும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் அரசாங்கத்தின் முன் போய் நிற்க அந்த அறிவு மட்டும் போதாது. இன்று நம் கையில் எண் இருக்கிறது. காசநோயாளி வீட்டுக்கு ஊட்டச்சத்துக் கேட்டு மனுக்கொடுக்கும்போது இதைச் சேர்த்துக் கொடுக்கலாம். மருந்துச் சோதனை சரியான கேள்வியைக் கேட்டால் அது ஏழையின் ஆயுதம்.

ஆவணம் திரும்பி வரவேண்டும்

செங்கல்பட்டுக்கு இதில் ஒரு முன்அனுபவம் இருக்கிறது. 1891-இல் இம்மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அறிக்கை நம்மைப் பற்றியது. ஆனால் நம்மால் படிக்க முடியாதது. நிலம் கைமாறிப் போனபோதும் பலருக்கு அந்த ஆணை இருப்பதே தெரியவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நம் தோழர்கள் அதைத் தூசி தட்டி எடுத்துத் தமிழில் பேசினார்கள். காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்தவன் கையில் காகிதமாக இருந்தது, மக்கள் கைக்கு வந்ததும் உரிமையானது.

உடம்பைப் பற்றிய ஆவணங்களும் அப்படி வரவேண்டும். அதற்கு இன்றைய சட்டத்தில் வழி இருக்கிறது. 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படி, சோதனையில் சேர்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சேர மறுக்கலாம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ பல்கலைக்கழகம் தானே ஆராய்ந்தால், அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பொதுவாகத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் போதும். அதாவது நமக்கும் ஆய்வுக்கும் நடுவில் நிற்கும் கதவு அந்தக் குழு ஒன்றுதான். அதில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேர் வெளியாட்கள். மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் கட்டாயம். அந்த ஒரு நாற்காலியில் யார் உட்காருகிறார்? ஓய்வுபெற்ற அதிகாரியா, நிர்வாகத்துக்கு வேண்டியவரா, அல்லது பக்கத்துச் சேரியில் இருந்து வந்த ஒரு பெண்ணா? இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிடமும் நாம் இதைக் கேட்க வேண்டும்.

கூடவே இரண்டு கோரிக்கைகள். சம்மதத் தாளை அச்சுக்குப் போகும் முன் நம் தெருவில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டட்டும்; புரியவில்லை என்று அவர்கள் சொன்னால் மாற்றி எழுதட்டும். இரண்டாவது, முடிவு வந்ததும் அதைத் தமிழில், ஒரு பக்கத்தில், சோதனை நடந்த ஊரின் கிராம சபையில் வாசிக்கட்டும். கை கொடுத்தவருக்குப் பதில் சொல்வது மரியாதை.

அதுவரை, தாள் நீட்டப்பட்டால் ஐந்து கேள்விகளை மட்டும் நினைவில் வையுங்கள். இது சிகிச்சையா, ஆய்வா? எனக்கு வெற்று மருந்து வருமா? சேராவிட்டால் என் மாத்திரை நிற்குமா? கெடுதல் வந்தால் யார் பொறுப்பு, எந்த எண்ணுக்குப் பேசுவது? முடிவை எனக்குச் சொல்வீர்களா?

மூன்றாவது கேள்வி என் அத்தையுடையது. அன்று அவர் என் காதில் கேட்டதை நான் அந்த இளைஞரிடம் சத்தமாகத் திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்சம் திகைத்து, "இல்லம்மா, நிறுத்த மாட்டாங்க, உங்க இஷ்டம்தான்" என்றார். அத்தை யோசித்துவிட்டு, "அப்ப மொதல்ல படிச்சுச் சொல்லு தம்பி, அப்புறம் போடறேன்" என்று பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இளைஞரும் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.